ஸ்கீ பூட்ஸும் பைண்டிங்கும்: மலிவாக வாங்கப் போய்ப் பட்ட பாடு

செவ்வாய்ப்பேட்டை:
குல்மார்க்கில் இரண்டு வாரம் ஸ்கீ (பனிச்சறுக்கு) பயிற்சி முடித்து வந்ததிலிருந்து குதிப்பதும் காற்றில் சுற்றுவதும்தான் நினைப்பு. வாடகை பூட்ஸ் பிடிக்கவில்லை. சரி, பழையதாகவே ஒன்று சொந்தமாக வாங்கலாம் என்று இறங்கினேன். சேலத்தில் ஸ்கீ பூட்ஸா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரித்தது நியாயம்தான்.

செருப்புக் கடைக் கணக்கில் வாங்கியதுதான் தப்பு. கனத்த சாக்ஸ் போட இடம் வேண்டுமே என்று 28.5 எடுத்தேன். அந்த எண் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். பிறகு குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று அளந்தால் என் கால் 26.3! உள்ளே இருக்கும் லைனரை உருவிவிட்டு, வெறும் ஷெல்லில் (வெளிப்புற பிளாஸ்டிக் கூட்டில்) காலை விட்டு, விரல் நுனி முன்னால் தொடும்படி நிற்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். என் மகன் மூன்று விரலை விட்டு ஆட்டிக் காட்டினான். அந்த பூட்ஸோடு குதித்து இறங்கும்போதெல்லாம் குதிகால் தூக்கிக்கொண்டு, கணைக்கால் எலும்பு முன்பக்கம் இடித்து இடித்துக் கன்றிப்போனது.

இன்னொன்று, நமக்கு வருஷம் முழுக்கச் செருப்புதான். எனக்கு விரல் விரிந்த கால். நீளம் சரியாக எடுத்தால் பக்கவாட்டில் நெரிக்கும். அதற்கு நீளத்தைக் கூட்டக் கூடாது, 'லாஸ்ட்' என்று போட்டிருக்கும் அகலத்தைப் பார்க்க வேண்டும். 98 மி.மீ. ஒடுக்கம், 102 அகலம். இப்போது 26.5-இல் 102 போடுகிறேன்.

ஏற்காட்டுக்காரன்:
என் கதை ஃப்ளெக்ஸ், அதாவது பூட்ஸ் முன்னால் மடங்க எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் எண். எண் கூடினால் விறைப்பும் கூடும். பார்க்கில் (குதிப்பதற்கென்று பனிமேடு கட்டிய இடத்தில்) குதிக்க மெத்தென்ற பூட்ஸ்தான் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 70 வாங்கினேன். என் எடை 82 கிலோ. இறங்கும்போது பூட்ஸ் முழுசாக மடங்கி, முழங்கால் மோவாயைத் தேடி வந்தது. அடுத்த முறை ஏப்ரல் மாதம், சேலத்தில் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு 100-ஐப் போட்டு மடக்கிப் பார்த்தேன், இதமாக இருந்தது. அந்த வெயிலில் எந்த பிளாஸ்டிக்தான் இளகாது? பனியில் போட்டால் மரக்கட்டை. போதாததற்கு ஒரு கம்பெனியின் 90 இன்னொன்றின் 100 மாதிரி இருக்கிறது, பொது அளவுகோல் கிடையாது. மூன்று துண்டு ஷெல் உள்ள பூட்ஸ் கிடைத்தால் எடுங்கள். பல மாடல்களில் முன்நாக்கை மட்டும் மாற்றி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். குதிகாலுக்கு அடியில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்து ரோடு:
அண்ணா, பூட்ஸ் கால் வலியோடு விட்டது, பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் என் முழங்காலையே பதம் பார்த்தது. விழும்போது பூட்ஸ் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதற்கு டின் என்று ஒரு எண் உண்டு. பெரிய எண் பெருமை என்று 6 முதல் 14 வரை போகும் பழைய பைண்டிங் ஒன்றை வாங்கினேன். குதிக்கும்போது கழன்றுவிடக் கூடாது என்று ஸ்க்ரூவை நன்றாக முறுக்கியும் வைத்தேன். சாய்ந்து விழுந்தபோது ஸ்கீ கழலவில்லை, முழங்கால் திருகிக்கொண்டது. ஆறு வாரம் நீ-கேப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். அந்த டின் எண்ணை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், ஓட்டும் விதம் எல்லாம் சேர்த்துப் பார்த்து வைக்க வேண்டுமாம். எனக்கு வந்ததே ஆறுக்குக் கீழே! 58 கிலோ ஆளுக்கு 3 முதல் 11 வரை போகும் மார்க்கர் ஸ்குவையர் 11 தாராளம், விலையும் குறைவு.

பிரேக் (கழன்ற ஸ்கீ வழுக்கி ஓடாமல் நிறுத்தும் கம்பி) அகலத்திலும் ஏமாந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் வெள்ளிப் பட்டறை. கொலுசுக் கம்பி அளக்கும் வெர்னியரை வாங்கி ஸ்கீயின் இடுப்பை, அதாவது நடுவில் ஒடுங்கிய இடத்தின் அகலத்தை, அளந்தேன், 92 மி.மீ. பைண்டிங் பிரேக்கோ 85. ஸ்கீயைத் தாண்டிக் கீழே இறங்கவே இறங்காது. 95, 100 என்று கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். மாமா வெர்னியரைத் துடைத்துக்கொண்டே, "இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் அளக்கணும்டா மாப்ளே" என்றார்.

செவ்வாய்ப்பேட்டை:
தம்பி, பூட்ஸின் அடிப்பாகத்தையும் பார்த்துக்கொள். வளைந்த ரப்பர் அடி உள்ள க்ரிப்வாக் பூட்ஸ் எல்லாப் பழைய பைண்டிங்கிலும் சரியாக உட்காராது. பைண்டிங்கில் அந்தக் குறி இருக்க வேண்டும்.

ஏற்காட்டுக்காரன்:
அண்ணா, அந்த 28.5 இன்னும் இருக்கிறதா? என் தம்பிக்குக் கால் 28.2. ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தால் எடுத்து வாருங்கள். லைனரை உருவிப் பார்த்துவிட்டுத்தான் காசு.