நெல் பூப்பதைப் படத்தில் காட்டுவதா, வயலில் காட்டுவதா?

வெண்ணாற்றங்கரையான் (மன்னார்குடி):
அறிவியல் பாடவேளைகளில் பாதியைக் கல்விப் படங்களுக்கு ஒதுக்கலாம் என்று எங்கள் ஊர்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் சென்ற வாரம் பேசினார்கள். நான் மறுத்தேன். பள்ளியில் புத்தகத்துக்கு இனி வேலையிராது, பத்தாண்டுக்குள் திரைப்படம் கல்வி முறையையே மாற்றிவிடும் என்று தாமஸ் எடிசன் 1913-இல் சொன்னார். நூறாண்டு கடந்தும் பிள்ளைகள் புத்தகப் பையைத்தான் சுமக்கிறார்கள். மகரந்தச் சேர்க்கை பற்றிய படத்தை வகுப்பில் பார்த்துவிட்டு வந்த என் பேரனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "தேனீ அழகா இருந்துச்சு தாத்தா" என்றான். நெல் பூவுக்குத் தேனீ வேண்டியதில்லை, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே அது மணி பிடிக்கிறது என்பது, பள்ளி மதிலுக்கு அப்பால் சம்பாப் பயிர் நிற்கும் ஊரில் வளரும் அவனுக்குத் தெரியவில்லை. வரப்பில் இறங்கினால் தெரிவதற்குத் திரை எதற்கு?

கடலோர ஆசிரியை (வேதாரண்யம்):
ஐயா, வரப்பில் இறங்கினால் தெரியும் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. சம்பா பூக்கும் நேரம் அடைமழையும் அரையாண்டுத் தேர்வும் சேர்ந்து வரும் நேரம். ஒரு நெல் பூ முற்பகலில் உமி பிரிந்து திறந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. அதற்குள் வெளியே தொங்கும் ஆறு மகரந்தப்பைகளும் நூல் நுனி அளவுதான் இருக்கும். வழுக்கும் வரப்பில் வரிசையாக நிற்கும் நாற்பது பிள்ளைகளில் முன்னால் நிற்கும் நான்கு பேர்தான் அதைப் பார்ப்பார்கள். உமி விரிவதையும் மகரந்தம் உதிர்வதையும் திரையில் முழங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினால் கடைசி வரிசையில் இருப்பவளும் பார்க்கிறாள். இதயத்தின் வால்வு மூடித் திறப்பதையும் பனியாறு நகர்வதையும் டெல்டாவில் எந்த வரப்புக்குப் போய்க் காட்டுவது?

படச்சுருள்காரர் (திருவாரூர்):
இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பேச வேண்டியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. பணியில் சேர்ந்த புதிதில் பதினாறு மில்லிமீட்டர் படம், பிலிம் ஸ்ட்ரிப் இரண்டையுமே நான் வகுப்பில் காட்டியிருக்கிறேன். ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, நான்கு முழ வேட்டியைத் திரையாக்கி, கருவியின் விளக்குச் சூட்டில் வியர்த்தபடி நிற்போம். பதினாறு மில்லிமீட்டர் படம் நொடிக்கு இருபத்து நான்கு பிரேம்களாக ஓடிவிடும். அதைத் துரத்திக்கொண்டு என்னால் பேச முடிந்ததில்லை. பிலிம் ஸ்ட்ரிப்பில் படங்கள் அசையாது. குமிழைத் திருகினால்தான் அடுத்த படம் வரும் என்பதால், எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது என் கையில் இருந்தது. ஒருநாள் மகரந்தப்பை படம் வந்தபோது ஒரு பையன் எழுந்து, "கதிர்ல வெள்ளையாத் தொங்குமே, அதைத் தட்டிவிட்டா அப்பா திட்டுவாரே, அதுவா சார்?" என்றான். அந்த ஒரு படத்திலேயே கால் மணி நேரம் நின்றோம். ஏன் தட்டக் கூடாது என்பதை மற்ற பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். இன்றைய காணொளியிலும் நிறுத்தும் வசதி உண்டு. அதைத் தொடும் ஆசிரியரைத்தான் அரிதாகப் பார்க்கிறேன்.

கடலோர ஆசிரியை:
இதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சியை நம்பியிருந்த என் மாணவிகளுக்கு மின்சாரம் போனால் அன்றைய பாடமும் போயிற்று. பாடம் பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இனி ஒலியை நிறுத்திவிட்டு, துண்டு துண்டாகக் காட்டி, நானே பேசப் போகிறேன். ஆனாலும் முதலில் படம், பிறகு வயல் என்பதே என் முறையாக இருக்கும். எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் கதிரைப் பார்க்கும் பிள்ளை பச்சை நிறத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

வெண்ணாற்றங்கரையான்:
அம்மா, அந்த வரிசையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. படத்தை முதலில் பார்த்தவன் வயலிலும் அந்தப் படத்தைத்தான் தேடுவான். கையில் இருக்கும் கதிர் அத்தனை பெரிதாக, அத்தனை வெளிச்சமாக இல்லையே என்று ஏமாந்து திரும்புவான். முதலில் கதிரைத் தொட்டு, கண்ணுக்குப் பிடிபடாமல் அவனே திணறட்டும். அதன்பின் காட்டும் படம் அவனுடைய கேள்விக்கு விடையாக அமையும்.

படச்சுருள்காரர்:
மழையையும் வரப்பையும் தவிர்க்க ஒரு வழி சொல்கிறேன். அன்று காலை திறக்கவிருக்கும் கதிர்கள் நாலைந்தை, வயல்காரரிடம் கேட்டு, தாளோடு அறுத்துச் செம்புத் தண்ணீரில் வைத்து வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஜன்னலோர வெயிலில் வைத்தால் பத்து மணியை ஒட்டி அங்கேயே பூக்கும். மேசைக்கு ஒரு கதிரும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். வகுப்பில் ஒரு பாதிக்குப் படத்தை முதலிலும் மறுபாதிக்குக் கதிரை முதலிலும் கொடுத்து, அவர்கள் வரைந்த பூக்களை இங்கே பதிவிடுங்கள், அம்மா.