ஹெராயினை விட்ட பிறகு உறக்கம் வராததற்கு ஓரெக்சின் காரணமா?

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகி):
செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய என் தம்பி ஹெராயினை விட்டு ஒன்பது நாள் ஆகிறது. வயிற்றுப்போக்கும் உடல்வலியும் தணிந்துவிட்டன. ஆனால் இரவெல்லாம் கண் மூடாமல் லயத்து வாசலில் நடந்துகொண்டே இருக்கிறான். மூளையின் ஓரெக்சின்தான் காரணம் என்று படித்தேன். உண்மையா?

மறுமொழி 1:
பெரும்பாலும் அதற்கும் பங்கு உண்டு, சகோதரி. 1998-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்த ஓரெக்சின் என்ற வேதிப்பொருள், மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமசில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தில் உருவாகி, நம்மை விழித்திருக்கச் செய்கிறது. அது வற்றிப்போனவர்களுக்குப் பகலிலேயே உறக்கம் ஆட்கொள்ளும் நார்கோலெப்சி நோய் வருகிறது. அந்த அணுக்களின் இழைகள் மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் என்ற சிறு பகுதியை எட்டுகின்றன. ஹெராயின் போன்ற மார்ஃபின் வகை மருந்து திடீரென நிற்கும்போது, அங்கே உடலைப் பரபரப்பாக்கும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள் கட்டுக்கடங்காமல் எழுவதால்தான் வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை வருகின்றன. ஓரெக்சின் இல்லாத எலிகளிடம் இந்த அவதி குறைவாக இருந்ததை 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மறுமொழி 2:
என்னை மிகவும் உலுக்கியது 2018-இன் ஆய்வு: ஹெராயினுக்கு அடிமையாகி இறந்தவர்களின் மூளையில், ஓரெக்சின் உருவாக்கும் நரம்பணுக்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 54 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டன. மார்ஃபின் கொடுக்கப்பட்ட எலிகளில், நிறுத்திய பின்னும் அந்த மாற்றம் வாரக்கணக்கில் நீடித்தது. ஆகவே தம்பி வேண்டுமென்றே விழித்திருப்பதாகத் தயவுசெய்து நினைக்காதீர்கள். ஓரெக்சினைத் தடுக்கும் சுவோரெக்சன்ட் 2014-இல் அமெரிக்காவில் உறக்க மருந்தாக அனுமதி பெற்றது. ஓபியாய்டை (ஹெராயின், மார்ஃபின் வகை மருந்தை) குறைத்துவரும் நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய சோதனையில் அதனால் உறக்கம் மேம்பட்டது. கடையில் உறக்க மாத்திரை வாங்காதீர்கள். ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் தரும் கிளினிக் மருத்துவரிடமே கேளுங்கள். இன்னொன்று: உடலின் தாங்குதிறன் இப்போது இறங்கியிருப்பதால், பழைய அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடும் அபாயம் உண்டு.