சென்டர் ஃபீல்டில் நின்று பேர் வாங்கிய பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் யார்?

திருமங்கலம் மாமா:
அக்கா மகன் பள்ளிக்கூட சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) டீமில் இருக்கிறான். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பி.டி. சார் சென்டர் ஃபீல்டில் (பேட்ஸ்மேனுக்கு நேர் எதிரே, தூரத்தில்) நிறுத்திவிட்டார் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், ஆடத் தெரியாதவனைத்தான் அங்கே தள்ளுவார்களாம். அந்த இடத்தில் ஆடிய பெரிய ஆள் யாராவது உண்டா? கிரிக்கெட் மட்டும் தெரிந்தவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

வைகைக்கரை:
ஹாரி ரைட் கதையைச் சொல்லுங்கண்ணே. 1835-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா நியூயார்க்கில் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவர், இவரும் முதலில் கிரிக்கெட்டர்தான், சின்சினாட்டிக்குப் போனதே கிரிக்கெட் கிளப் வேலைக்குத்தான். அப்புறம் 1869-ல் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸைச் சேர்த்து, கேப்டனாக நடத்தி, சென்டர் ஃபீல்டிலும் நின்றார். சம்பளம் 1,200 டாலர். ஷார்ட்ஸ்டாப் என்ற உள்வட்ட ஃபீல்டிங் இடத்தில் ஆடிய தம்பி ஜார்ஜுக்கு 1,400. அந்த வருஷம் 57 வெற்றி, தோல்வியே கிடையாது.

பழங்காநத்தம் பயிற்சியாளர்:
பையனிடம் இதையும் சொல்லுங்க சார். மொத்த மைதானமும் கண்ணுக்கு முன்னால் தெரிவது சென்டர் ஃபீல்டருக்குத்தான். பந்து இரண்டு பேருக்கு நடுவில் உயர்ந்தால் குரல் கொடுத்து எடுக்க வேண்டியவன் அவன், இரண்டாம் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடுபவன் தொடவேண்டிய இரண்டாவது இடம்) வரும் எறி தவறினால் பின்னால் ஓடிவந்து தாங்க வேண்டியவனும் அவன்தான். ஹாரி காலத்தில் கையுறை கிடையாது, வெறுங்கையில்தான் பிடிக்க வேண்டும். அணியின் பிட்சர் (பந்து போடுபவர்) பிரெய்னார்டின் பந்தை எதிரணி அடித்து நொறுக்கினால் ஹாரியே உள்ளே வந்து மெதுவான பந்து போடுவார், வேகத்துக்குப் பழகிய பேட்ஸ்மேன் ஸ்பின்னரிடம் அவசரப்பட்டுச் சுற்றுகிற மாதிரி மாட்டிக்கொள்வான்.

திருமங்கலம் மாமா:
அருமை. அப்புறம் தோற்கவே இல்லையா?

வைகைக்கரை:
தோற்றார்கள். 1870 ஜூன் 14, புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியிடம். ஆட்டத்துக்கு உரிய ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து 5-5. டிரா என்று எதிரணி கிளம்பத் தயார், ஆனால் ஹாரி விதிப்படி தொடர்ந்து ஆடவேண்டும் என்று நின்றார், பதினோராவது இன்னிங்ஸில் 8-7 என்று ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது. எனக்கு அந்த 57 வெற்றியைவிட இதுதான் பிடிக்கும். பிறகு பாஸ்டனுக்குப் போய் 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நாலு பட்டம் வாங்கினார். 1874-ல் இங்கிலாந்துக்கு டீமைக் கூட்டிப்போய் பேஸ்பாலோடு கிரிக்கெட்டும் ஆடினார். 1895-ல் இறந்தார், பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 1953-ல்தான்.