ஜார்ஜெட் சேலை சுருங்கிவிட்டது, தேய்ப்புப் பெட்டியின் அடியிலும் ஒட்டியிருக்கிறது. உதவுங்கள்

மல்லிகை_சேலம்:
ஞாயிறு வரவேற்புக்குக் கட்டுவதற்காக ஒரு ஜார்ஜெட் சேலை எடுத்து வைத்திருந்தேன். இன்று காலை தேய்த்தபோது முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி சுருங்கி, அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. தேய்ப்புப் பெட்டியின் அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. திருகு சிந்தெடிக் குறியில்தான் இருந்தது, சத்தியமாக. பெட்டி கெட்டுவிட்டதா? இன்னும் இரண்டு பாலியஸ்டர் சுடிதார் தேய்க்க வேண்டும், கை வைக்கவே பயமாக இருக்கிறது.

நூல்கண்டு:
பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. சேலைக்கு முன்னால் என்ன தேய்த்தீர்கள்?

மல்லிகை_சேலம்:
வீட்டுக்காரரின் காட்டன் சட்டை நான்கு. முடித்ததும் திருகைக் குறைத்துவிட்டுத்தான் சேலையை எடுத்தேன்.

நூல்கண்டு:
அங்கேதான் வந்தது வினை. திருகைக் குறைத்தால் உள்ளே மின்சாரம் நிற்கும், அவ்வளவுதான். அடித்தகடு உடனே ஆறாது. ஏறும்போது இரண்டு நிமிடத்தில் ஏறுகிற சூடு, இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். காட்டனுக்கு வைத்த சூடு 200 டிகிரி பக்கம் இருக்கும். பாலியஸ்டர் முழுதாக உருக 250க்கு மேல் வேண்டும், ஆனால் மெல்லிய ஜார்ஜெட் அதற்கு வெகு முன்பே இளகிச் சுருங்கிவிடும். நைலான் கலந்திருந்தால் இன்னும் மோசம், அதில் ஒரு வகை 220லேயே உருகும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் சிந்தெடிக், கடைசியில் காட்டன். குளிர்ந்த பெட்டியிலிருந்து தொடங்கினாலும் விளக்கு முதல் தடவை அணைந்ததும் துணியில் வைக்காதீர்கள். முதல் சுற்றில் சூடு குறியைத் தாண்டி எகிறும். இரண்டாவது தடவை அணையட்டும்.

சுடிதாரின் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, இரண்டு புள்ளி 150, மூன்று 200. பெட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தேய்க்கவே வேண்டாம். சேலையில் பெரும்பாலும் சீட்டே இருக்காது, ஒரு புள்ளி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்புக்கடை_ஈரோடு:
கரிப்பெட்டியில் திருகே கிடையாது, எங்களுக்குத் தண்ணீர்தான் அளவு. அடியில் ஒரு சொட்டுத் தெளித்து, அது முத்தாக உருண்டு ஓடினால் காட்டன் சூடு, சிந்தெடிக் பக்கமே போகக் கூடாது. இருந்த இடத்திலேயே சுர்ரென்று கொதித்து வற்றினால் ஒரு பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, துணியைப் புறம் திருப்பித் தேய்ப்போம். இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். செய்தித்தாள் வைக்காதீங்க, மை இறங்கும். தேய்த்த கையோடு மடிக்கவும் வேண்டாம். சூட்டோடு மடித்த பாலியஸ்டரில் மடிப்புக் கோடு அப்படியே உட்கார்ந்துவிடும். ஆறட்டும்.

கோவை_குமார்:
பெட்டி அடிக்குப் பாராசிட்டமால் மாத்திரை! சூட்டில் தேய்த்தால் இளகி வந்துவிடும்.

நூல்கண்டு:
வரும்தான், ஆனால் பெட்டி நன்றாகச் சூடேற வேண்டும், புகையும் வரும், மாத்திரை சின்னது, விரல் சுடும். நான் செய்வதில்லை. ஒட்டியது இளகும் அளவுக்கு மட்டும் பெட்டியைச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மரக்கரண்டி விளிம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். மிச்சத்தை, பல மடிப்பாக மடித்த ஈரக் காட்டன் துணியில் தேய்த்து எடுங்கள். கம்பி நார் வேண்டாம், பூச்சு போய்விடும். நீராவிப் பெட்டி என்றால் குறைந்த சூட்டில் நீராவியை அணைத்துவிடுங்கள், தண்ணீராகவே சொட்டிக் கறை விழும்.

சேலை விஷயம்: இளகிச் சுருங்கிய இழை திரும்பி வராது. அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

தையல்_அக்கா:
ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தானையை ஒற்றையாக விடாமல் மடிப்பு வைத்துப் பின் குத்தும்மா, அந்த இடம் உள் மடிப்பில் போய்விடும். அப்புறம் அந்த முந்தானையை வெட்டிவிட்டு வேறு நிறத்தில் ஒரு முந்தானை இணைத்துவிடலாம். பாதிப் பாதிச் சேலை என்று இப்போது கடையிலேயே அப்படித்தான் விற்கிறார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

மல்லிகை_சேலம்:
வேட்டித் துண்டு வைத்து இரண்டு சுடிதாரும் முடித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அடியில் பாதி வந்துவிட்டது, மீதி நாளைக்கு. அக்கா, மடிப்பு வைத்துப் பார்த்தேன், ஒரு ஓரம் மட்டும் எட்டிப் பார்க்கிறது. அங்கே ப்ரூச் குத்திக்கொள்கிறேன்.