கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்த யாரையாவது சந்தித்திருக்கிறீர்களா?

சிம்மக்கல்:
மதுரையிலிருந்து காலை ராமேஸ்வரம் பாசஞ்சர். எதிரே இருந்த பெரியவர் லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காய்த் தீவில் விளக்குப் பணியில் இருந்தவராம். வெள்ளைக்காரன் 1885-இல் ஏற்றிய விளக்கு. "ராத்திரி முழுக்க விழித்திருப்பது சிரமமில்லையா ஐயா?" என்றேன். "ராத்திரி அது தன் பாட்டுக்குச் சுற்றும் தம்பி. பகலில்தான் பயம்" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே நாலணா அளவில் வழவழவென்று ஒரு தழும்பு. விடிந்ததும் லென்ஸைச் சுற்றித் திரையை இழுத்துவிட வேண்டுமாம். ஒருநாள் திரை விலகியிருக்க, வெயில் லென்ஸ் வழியே குவிந்து கையைப் பொசுக்கிவிட்டது. அதற்குள் மானாமதுரை வந்துவிட்டது, இறங்கிவிட்டார். பெயர்கூடத் தெரியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

உசிலம்பட்டி:
என் பெரியப்பாவும் அந்தத் துறைதான். சிறுவயதில் மேலே கூட்டிப்போய், "ஒரு விரலால் தள்ளுடா" என்றார். என்னைவிட உயரமான கண்ணாடிக் கூண்டு, டன் கணக்கில் எடை. தள்ளினேன், சத்தமே இல்லாமல் நகர்ந்தது. விரல் நுனியில் அந்தக் குளிர்ச்சி இன்னும் இருக்கிறது.

மேலூர்:
டன் கணக்கு எடையைச் சிறுவனின் விரல் நகர்த்தியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தனுஷ்கோடியில் 2022-இல் திறந்த விளக்கில் ஏறியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற பாட்டி, 1964 புயலில் போன தன் வீடு எந்தத் திசை என்று பேரனிடம் கை காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என் கதை. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விடுமுறை நாளில் போகாதீர்கள். தண்ணீர் கையோடு வேண்டும். மேலே காற்று தள்ளும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். மினிக்காய் போக ஆசைப்பட்டால் கொச்சியிலிருந்து கப்பல். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளாதீர்கள்.

திருமங்கலம்:
மேலூர் நண்பரே, நகரும். பழைய பெரிய லென்ஸ்கள் பலவற்றைப் பாதரசம் நிரப்பிய வட்டத் தொட்டியில் மிதக்கவிட்டிருந்தார்கள். உரசல் மிகக் குறைவு, விரலே போதும். ஆனால் பாதரச ஆவி நரம்பைப் பாதிக்கும். மூடிய அறையில் வருடக்கணக்காக அதைச் சுவாசித்தவர்களை யார் விசாரித்தார்கள்? உசிலம்பட்டி நண்பரே, பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்தால், டாக்டரிடம் இந்தப் பழைய வேலையைப் பற்றியும் அவசியம் சொல்லச் சொல்லுங்கள்.