ஃபேன்சின் ரசிகர்களுக்கு ஒரு சின்னக் கூடல்: எப்படி நடத்துவது?

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கிறேன். பழைய அறிவியல் புனைகதை ஃபேன்சின்கள் (ரசிகர்களே தயாரிக்கும் இதழ்கள்) சேர்க்கும் நண்பர்களோடு ஒரு வார இறுதிக் கூடல் நடத்த ஆசை. முப்பது பேர் வந்தாலே அதிகம். சிறப்பு விருந்தினரை அழைக்கப் பணமில்லை. சரிப்படுமா?

பதில் 1: தாராளமாக. உங்கள் ஊரிலேயே 1937 ஜனவரி 3 அன்று தியசாபிக்கல் ஹாலில் கூடிய அறிவியல் புனைகதை ரசிகர்கள் சுமார் இருபது பேர்தான், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ஆர்தர் சி. கிளார்க் உட்பட! விருந்தினருக்கு கார்ஃப்ளூவைப் பாருங்கள். 1984-இல் பெர்க்லியில் தொடங்கிய ஃபேன்சின் கூடல் அது. வந்தவர்கள் பெயரையே குலுக்கிப் போட்டு கௌரவ விருந்தினரை எடுப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. வாசகரும் ஆசிரியரும் அங்கே ஒன்றுதான்.

பதில் 2: நிகழ்ச்சிகளைக் குறையுங்கள். நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு பொது அறை போதும், தேநீரோடு. மேசையில் பழைய இதழ்களைப் பரப்புங்கள். மிமியோகிராஃப் (பழைய ஸ்டென்சில் நகலெடுப்புக் கருவி) தாள் எளிதில் நொறுங்கும், அதனால் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அப்புறம் ஒரு ஏலம். வரும் பணத்தை டாஃப் நிதிக்குக் கொடுக்கலாம், ரசிகர்களை அட்லாண்டிக் கடந்து அனுப்பும் நிதி அது.

பதில் 3: அங்கேயே எல்லோரும் எழுதி ஒரே இதழ் அச்சடியுங்கள். ஸ்டேப்ளர் மறக்காதீர்கள்.

கேட்டவர்: நன்றி. குலுக்கல் நிச்சயம். அறை வாடகை விசாரிக்க நாளைக்கே போகிறேன்.