பாலைவனக் குளிரில் பவர் ஸ்டேஷன் சார்ஜ் ஏறவில்லை: மினிவேன் பயணத்தில் இருக்கிறோம், உதவி தேவை

குளிர்ப்பயணி:

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து மினிவேனில் கிளம்பி நீண்ட சுற்று ஒன்றில் இருக்கிறோம். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு பிளைவுட் பலகை அடித்து, அதன்மேல் நுரை மெத்தை போட்டுப் படுக்கிறோம். டெத் வேலி, மொஹாவி பாலைவனங்களைப் பார்த்தாயிற்று. இப்போது ஜோஷுவா ட்ரீ பூங்காவில் ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்டில் இருக்கிறோம். அடுத்தது அன்ஸா பொரெகோ பாலைவனப் பூங்கா. அப்புறம் சான் டியாகோ போய் அங்கிருந்து கடற்கரையோரமாகவே வடக்கே ஏறி வீடு திரும்புவதாகத் திட்டம்.

பிரச்சினை இதுதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பவர் ஸ்டேஷன் (தூக்கிக்கொண்டு போகும் பெரிய பேட்டரிப் பெட்டி) ஒன்று, 100 வாட் மடக்கு சோலார் பேனல் ஒன்று வைத்திருக்கிறோம். டெத் வேலியில் ஃபர்னஸ் கிரீக் பக்கம் தங்கியபோது காலை எட்டு மணிக்கே சார்ஜ் ஏற ஆரம்பித்துவிடும். இங்கே வந்ததிலிருந்து வெயில் சுள்ளென்று அடித்தாலும் பதினொரு மணி வரை திரையில் 0 வாட்தான். ஓரத்தில் பனித்துகள் மாதிரி ஒரு குறி மட்டும் மின்னுகிறது. மதியம் தானாகச் சரியாகி 45, 50 வாட் ஏறுகிறது. மூன்று மணிக்குப் பாறை நிழல் வந்துவிடும். இரவு மின்போர்வையும் சின்ன ஃபிரிட்ஜும் ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. விற்ற கடையில் கேட்டால் பேனல் கோளாறு, அனுப்புங்கள் என்கிறார்கள். நடுவழியில் எங்கே போய் அனுப்புவது?

இன்னும் இரண்டு உபகேள்விகள். கேசட் கேன் போடும் பியூட்டேன் அடுப்பு காலையில் எரியவே மாட்டேன் என்கிறது, கேனை ஆட்டினால் உள்ளே நிறைய இருக்கிறது. அப்புறம் டயரில் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு தினமும் விடியற்காலையில் எரிந்து, கொஞ்ச தூரம் ஓட்டியதும் அணைந்துவிடுகிறது.

சும்மாவந்தவன்:

பவர் ஸ்டேஷனை ஒருமுறை ரீசெட் பண்ணிப் பாருங்கள். செயலியில் புது ஃபர்ம்வேர் வந்திருக்கலாம். என்னுடையதில் அப்படித்தான் சரியானது.

அளவுகோல்:

ரீசெட்டும் வேண்டாம், பேனலைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். கேள்வியிலேயே விடை இருக்கிறது: இரவு மின்சாரம் எடுக்க முடிகிறது, காலையில் ஏற்ற மட்டும் முடியவில்லை. இது பேட்டரி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்வது.

லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் பேட்டரிக்குள் அதைத் தேக்கிவைக்கும் கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் பெரும்பகுதி திரும்ப வேலைக்கு வராது. கொள்ளளவு குறையும், முற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அதனால் பி.எம்.எஸ். என்கிற காவல் சர்க்யூட் உள்ளே வரும் வழியை அடைத்துவிடுகிறது. வெளியே கொடுப்பதற்கு அந்தத் தடை இல்லை, பெரும்பாலானவை மைனஸ் 20 வரை கொடுக்கும். பனித்துகள் குறி சொல்வது அதைத்தான்.

ஃபர்னஸ் கிரீக் கடல்மட்டத்துக்குக் கீழே 190 அடியில் இருக்கிறது. நீங்கள் இருக்கும் ஜம்போ ராக்ஸ் 4,400 அடி. கிட்டத்தட்ட 1,400 மீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தாலே ஒன்பது டிகிரி குறையும். அங்கே இரவு நாலைந்து டிகிரி என்றால் இங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே. இரண்டையும் பாலைவனம் என்று ஒரே பெயரில் சொல்வதால் வரும் குழப்பம் இது.

உறுதிசெய்ய ஒரு சோதனை. காலையில் பேனலின் ஒயரைப் பிரித்து, வெயிலில் வைத்து, மல்டிமீட்டரால் வோல்ட் பாருங்கள். பேனல் முதுகில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பேனல் நன்றாக இருக்கிறது. குளிரில் சோலார் பேனலின் வோல்ட் ஏறும், குறையாது. (இரண்டு பேனலைத் தொடராக இணைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளிர்காலக் காலையில் பவர் ஸ்டேஷன் தாங்கும் உச்ச வோல்ட்டைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு.)

பவர் ஸ்டேஷனை இரவு எங்கே வைக்கிறீர்கள்?

குளிர்ப்பயணி:

மல்டிமீட்டர் பக்கத்து சைட்காரரிடம் கிடைத்தது. முதுகில் 24 என்று போட்டிருக்கிறது, காலை ஏழரைக்கு 25.6 காட்டியது. அப்பாடா.

இரவு அதை முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் வைக்கிறோம். படுக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவே கனமான திரை போட்டிருக்கிறோம், சூடு வெளியே போகாமல் இருக்க.

அளவுகோல்:

அதுதான். திரைக்கு அந்தப் பக்கம் மூன்று புறமும் கண்ணாடி, வெளிக் குளிர் அப்படியே இறங்கும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பெட்டி ஒருமுறை சில்லிட்டுவிட்டால், காற்று சூடானாலும் உள்ளிருக்கும் செல் சூடாக மணிக்கணக்காகும். அதனால்தான் பதினொரு மணி.

இரவு திரைக்கு இந்தப் பக்கம், காலடியில், பலகைமேல் வையுங்கள். நேரே இரும்புத் தரையில் வேண்டாம், கீழே ஒரு யோகா பாய் போதும். சுற்றிப் போர்வை போடலாம், ஆனால் விசிறி ஓட்டைகளை மூடாதீர்கள். முக்கியமாக மலைப்பக்கம் தங்கும் நாட்களில், வண்டி ஓடும்போது கார் சாக்கெட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பேனலைத் தரையில் படுக்கப்போடுகிறீர்களா? டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனே 32, 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுத்த பேனலுக்கு நேர் வெயிலில் பாதிதான் கிடைக்கும், உங்கள் 50 வாட் அந்தக் கணக்குதான். தெற்கே பார்த்து அறுபது டிகிரி போல நிமிர்த்தி வையுங்கள்.

வேன்வீடு:

அடுப்புக்கு நான் சொல்கிறேன். கேசட் கேனில் இருப்பது பெரும்பாலும் சாதா பியூட்டேன். அதன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. அதற்குக் கீழே அது கேனுக்குள் திரவமாகவே உட்கார்ந்திருக்கும், ஆவியாகி மேலே வராது. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். கீழே ட்வென்டிநைன் பாம்ஸ் ஊருக்கு இறங்கி எந்த ஹார்டுவேர் கடையிலும் பச்சை நிற ஒரு பவுண்டு புரொப்பேன் சிலிண்டரும் அதற்கேற்ற ஒற்றை அடுப்பும் வாங்கிவிடுங்கள். ஜம்போ ராக்ஸில் குழாய்த் தண்ணீர் கிடையாது, எப்படியும் தண்ணீர் பிடிக்க இறங்கத்தானே வேண்டும்.

அதுவரைக்கும் கேனை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி எடுத்துப் போடலாம். கொதிநீர் கூடாது. நெருப்பருகே கொண்டுபோவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

டயர் விளக்கு சாதாரணம். ஐந்தரை டிகிரி குளிர்ந்தால் டயரின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். ஓடியதும் டயர் சூடாகி விளக்கு அணையும். வண்டி ஓடாத காலை நேரத்தில், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள்.

சும்மாவந்தவன்:

இவ்வளவு சிரமம் எதற்கு? இரவு எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டால் பேட்டரியும் ஏறும், குளிரும் போகும்.

வேன்வீடு:

தம்பி, அதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். நின்ற வண்டியில் எஞ்சின் ஓடினால் புகை அடியில் தேங்கி உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழவே மாட்டார். அடுப்பைப் பற்றவைத்து உள்ளே சூடேற்றுவதும் அதே கதைதான். மேடம், உங்கள் வண்டியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் அடுப்புக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

குளிர்ப்பயணி:

அலாரம் இருக்கிறது, தலைமாட்டிலேயே. பவர் ஸ்டேஷனைக் காலடிக்கு மாற்றிய மறுநாளே ஏழே முக்காலுக்குச் சார்ஜ் ஏற ஆரம்பித்துவிட்டது. பேனலை நிமிர்த்தியதும் 80 வாட்டைத் தாண்டியது. வீட்டுக்காரர் அதைப் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அளவுகோல் ஐயாவுக்கு நன்றி.

புரொப்பேன் அடுப்பில் காலையில் டிகாஷன் காபி கிடைக்கிறது. கொண்டுவந்த இட்லி மாவு மட்டும் இன்னும் புளிக்கவில்லை. தோசையாக ஊற்றித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பீனிக்ஸ்பெரியவர்:

மாவைப் பகலில் டேஷ்போர்டில், கண்ணாடிக்கு அடியில், துணி சுற்றி வையுங்கள். வெயிலில் மூடிய வண்டி அடுப்பங்கரை மாதிரிதான். பாத்திரம் பாதிக்குமேல் வேண்டாம், பொங்கி வழிந்தால் ஏசி ஓட்டைக்குள் போய்விடும்.

அன்ஸா பொரெகோ போகிறீர்கள் அல்லவா, அங்கே பொரெகோ ஸ்பிரிங்ஸ் ஊர் அறுநூறு அடியில்தான் இருக்கிறது, இந்தக் குளிர் அவ்வளவு படுத்தாது. அந்தப் பூங்காவில் பல இடங்களில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியேயும் இலவசமாகத் தங்கலாம். நெருப்பு மூட்டினால் இரும்புப் பாத்திரத்துக்குள்தான், சாம்பலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மணல் பாதையில் சாதா மினிவேனை இறக்காதீர்கள். ஃபான்ட்ஸ் பாயின்ட் என்ற காட்சிமுனைக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டு நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

குளிர்ப்பயணி:

மறுபடியும் நான்தான். பொரெகோவில் சொர்க்கம். இப்போது கடற்கரைக்கு வந்து பிஸ்மோ பீச் பக்கம் இருக்கிறோம். இரவு ஒன்பது, பத்து டிகிரி, குளிரே இல்லை என்று சொல்லலாம். ஆனால் வேறொரு தலைவலி. காலையில் கண்ணாடியெல்லாம் வேர்த்துச் சொட்டுகிறது. ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டில் ஈரம். நேற்று மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் நசநசவென்று நனைந்திருக்கிறது, பிளைவுட்டில் கறுப்புப் புள்ளிகள். கூரை ஒழுகுகிறதோ என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டோம், ஒழுகல் இல்லை. பாலைவனத்தில் மைனஸில் படுத்தபோதுகூட இப்படி ஆகவில்லையே?

சான்டியாகோமாமி:

அது கூரைத் தண்ணீர் இல்லையம்மா, உங்கள் இருவருடைய மூச்சும் வியர்வையும். இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்தால் ஓர் இரவில் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வெளியேறும். பாலைவனத்தில் காற்று வறண்டு கிடப்பதால் ஜன்னலை விரலளவு திறந்தாலே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், மிச்சம் இருந்தாலும் பகலில் காய்ந்துவிடும். கடலோரத்தில் இரவுக் காற்றே ஏறக்குறைய நிறைந்த ஈரத்தோடு இருக்கும். அங்கே உங்கள் எதிரி குளிர். இங்கே ஈரம். அங்கே செய்ததையே இங்கேயும் செய்தால் நடக்காது.

மெத்தை நனைவது இப்படித்தான்: உடம்பிலிருந்து கிளம்பும் ஆவி நுரைக்குள் ஊடுருவிக் கீழே போகிறது. அடியில் பிளைவுட் சில்லென்று இருக்கிறது. பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே காற்றுப் போக வழியில்லை. அங்கேயே தண்ணீராகி நிற்கிறது. மேலே எத்தனை போர்வை போட்டாலும் தீராது.

ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குலம் கனமுள்ள பைன் சட்டங்களை அறுத்து வாங்கி, பலகைமேல் நான்கு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, அதன்மேல் மெத்தையைப் போடுங்கள். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரோடு சாய்த்து நிறுத்துங்கள், காபி குடிக்கும் நேரம் போதும். கடலில் குளித்த துண்டு, உடுப்பு எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் உள்ளே போடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாளானாலும் காயாது.

வேன்வீடு:

மாமி சொன்னதோடு சேர்த்து: கடலோரத்தில் புரொப்பேன் அடுப்பை வண்டிக்குள் பற்றவைக்கவே வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். ஒரு ஜன்னலை மட்டும் திறப்பதைவிட, எதிரெதிர் மூலையில் இரண்டைத் திறந்து ஒன்றில் சின்ன விசிறியை வெளியே பார்த்து வையுங்கள். உங்களுக்குத்தான் இப்போது சார்ஜ் பிரச்சினை இல்லையே.

பலரும் மறக்கும் வழி ஒன்று உண்டு. அடுத்த ஊருக்கு ஓட்டும்போது ஏசியைப் போட்டு, சூட்டையும் கூட்டி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து வண்டிக்கு அடியில் சொட்டவிடும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் வண்டிக்குள் ஈரம் நன்றாகக் குறைந்துவிடும். டப்பாவில் விற்கும் ஈரம் உறிஞ்சும் உப்பு இரண்டு பேர் தூங்கும் வண்டிக்குப் போதாது, காசு வீண்.

குளிர்ப்பயணி:

சட்டம் அடுக்கியாயிற்று, விசிறியும் வைத்தோம். இன்று காலை மெத்தை அடியில் கால்மாட்டில் மட்டும் லேசான ஈரம். கறுப்புப் புள்ளிகளை என்ன செய்வது? மெத்தையைத் தூக்கிப் போட வேண்டுமா? அடுத்தது சான் சிமியோன், பிறகு பிக் சர். யானை சீல்கள் குட்டி போடும் நேரமாம், அதைப் பார்க்காமல் வர மாட்டேன் என்கிறார் இவர்.

சான்டியாகோமாமி:

புள்ளி பலகையில் மட்டும் என்றால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு வார்னிஷ் அடியுங்கள். நுரைக்குள் இறங்கியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். மோந்து பாருங்கள், பழைய துணி வாடை அடித்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

சீல்கள் பியெத்ராஸ் பிளாங்காஸில், ஒன்றாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே கிடக்கும், கட்டணம் கிடையாது. இரவு தங்க ஓடைப் பள்ளத்தில் உள்ள சைட்டைத் தவிர்த்து மேட்டில் எடுங்கள், குளிர்ந்த காற்றும் ஈரமும் பள்ளத்தில்தான் தேங்கும். பிக் சரில் சாலையோரம் நிறுத்தித் தூங்க அனுமதி இல்லை, அபராதம் போடுவார்கள். அந்தச் சாலை மழைக்கு நிலச்சரிவில் அடைபடுவது வழக்கம், கிளம்பும் அன்று காலை மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அடைத்திருந்தால் 101ஆம் எண் நெடுஞ்சாலையில் போங்கள். ஐந்தாம் எண் சாலைக்கு மட்டும் மாற வேண்டாம். அது போகும் சென்ட்ரல் பள்ளத்தாக்கில் மழை விட்ட மறுநாள் டூலி என்கிற அடர்ந்த மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் லாரியின் விளக்குகூடத் தெரியாது.